போலீஸ் அடித்துவிட்டால் எங்கே போவது? எஸ்.பி., மனித உரிமை ஆணையம், மாஜிஸ்ட்ரேட், உயர் நீதிமன்றம்: ஓர் ஒப்பீடு

வக்கீலிடம் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியை எல்லாம் குமாஸ்தாவிடம் கேட்பார்கள். அப்படி என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது: "அண்ணே, பையனை விசாரணைன்னு கூட்டிட்டுப் போய் அடிச்சிட்டாங்க. எங்க மனு குடுத்தா வேலை நடக்கும்?"

கேட்க வருகிறவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் முதல்வர் தனிப்பிரிவு, டி.ஜி.பி., கலெக்டர், தேசிய மனித உரிமை ஆணையம், மாநில மனித உரிமை ஆணையம் என்று ஐந்து பேருக்கும் ஒரே மனுவின் நகல், ஐந்து தபால் ரசீது. ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே என்று கேட்டால் முழிப்பார். ஐந்து இடத்துக்கு அனுப்பியவர் ஓர் இடத்திலும் அனுப்பாதவர் மாதிரிதான். காரணம் கடைசியில் புரியும்.

தமிழ்நாட்டில் இப்போது இருக்கிற நான்கு வழிகளை எடை போட்டுப் பார்ப்போம். மத்தியச் சட்டங்கள் வேறு மாநிலங்களுக்கும் பொருந்தும். நடைமுறை மட்டும் நான் பார்த்த மாவட்ட நீதிமன்ற வாசலிலிருந்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். நாளைக்கு மறுபடி ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாதா? வைத்தியச் செலவு வர வேண்டுமா? அடித்தவர் வேலைக்கு ஆபத்து வர வேண்டுமா? அவர் ஜெயிலுக்குப் போக வேண்டுமா? நான்கும் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முதலாவது எது என்று கேட்டால் பத்து நிமிடம் யோசிப்பார்கள். அந்தப் பத்து நிமிடம் வீண் இல்லை.

அடுத்தது, அடித்த ஆளுக்கும் விசாரிக்கப்போகிற ஆளுக்கும் எவ்வளவு தூரம். ஒரே கட்டடத்தில் இருக்கிறவர்களா, ஒரே துறையா, துறைக்கு வெளியே உள்ளவரா?

அப்புறம் காலக்கெடு, பணம், அலைச்சல், கடைசியாக எதிர்க்கேஸ். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக ஒரு வழக்கு, நன்னடத்தைப் பிணைக்கு ஒரு சம்மன், பழைய பெட்டி கேஸ் ஒன்றைத் தூசி தட்டுவது, இப்படி ஏதாவது வரும். எந்த வழியில் போனாலும் இந்தச் செலவு உண்டு. அளவுதான் மாறும்.

## வழியைத் தேர்வதற்கு முன்னால்: அந்த முதல் சீட்டு

இதைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் அடிதடிக் காயத்தோடு போனால் ஏ.ஆர். என்கிற ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் பதிவார்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எத்தனை பேர், எதனால் அடித்தார்கள், தெரிந்தவர்களா தெரியாதவர்களா என்று டூட்டி டாக்டர் கேட்டு எழுதுவார். அந்த நான்கு வரியைத்தான் பிறகு எல்லா அதிகாரியும் முதலில் புரட்டுவார்.

ஒரு வெல்டிங் பட்டறைப் பையன் எங்களிடம் வந்தான். இடது காது கேட்கவில்லை. ஜி.எச்.சில் டாக்டர் "எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்டபோது இரண்டடி தள்ளி மப்டியில் ஏட்டு ஒருவர் நின்றிருக்கிறார். பையன் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு "பைக்ல இருந்து விழுந்துட்டேன் சார்" என்று சொல்லியிருக்கிறான். ரெஜிஸ்டரில் அப்படியே ஏறிவிட்டது. நான்கு நாள் கழித்து தனியார் காது டாக்டரிடம் செவிப்பறை கிழிந்ததற்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தான். இரண்டாவது சீட்டில் காது இருந்தது. முதல் சீட்டில் பைக் இருந்தது.

அதனால் முடிந்தவரை அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், "போலீஸ் அடித்தார்கள்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். எந்த ஸ்டேஷன், எத்தனை மணி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆள் கைதாகியிருந்தால் கைதானதும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது சட்டம். 1996ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், காவலில் இருப்பவருக்கு 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை பரிசோதனை வேண்டும் என்றும் சொன்னது.

ரிமாண்டுக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தும்போது "போலீஸ் மேல ஏதாவது புகார் இருக்கா?" என்று ஒரு கேள்வி வரும். கூட்டி வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். அந்த நேரத்தில் சட்டையைத் தூக்கிக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் ரிமாண்ட் உத்தரவில் "காயம் காட்டினார்" என்று ஒரு வரி ஏறினால், பின்னால் வரும் நூறு பக்க மனுவைவிட அது கனம்.

இன்னொன்று கேமரா. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு சேர்ந்த சி.சி.டி.வி. வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதி இல்லாவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்றது. அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த சாத்தான்குளம் சம்பவம். அங்கே விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்ட்ரேட், ஹார்டு டிஸ்க்கில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைத்திருந்ததை அறிக்கையில் எழுதினார். ஆகவே, இன்ன தேதி இன்ன மணி முதல் இன்ன மணி வரையிலான பதிவை அழிக்காமல் வைக்கக் கேட்டு எஸ்.பி.க்கும் ஸ்டேஷனுக்கும் அன்றைக்கே ஸ்பீடு போஸ்ட் போட்டுவிடுங்கள். பதிவு கிடைக்காமலே போகலாம். கேட்ட பிறகு அழிந்தது என்றால், ஏன் அழிந்தது என்பதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

## ஒரே பார்வையில்

| | எஸ்.பி. / கமிஷனர் | மாநில மனித உரிமை ஆணையம் | மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம் | உயர் நீதிமன்றம் |
|---|---|---|---|---|
| விசாரிப்பவர் | அதே துறை மேலதிகாரி | ஆணையம், அதன் புலனாய்வுப் பிரிவு | நீதிபதி, அல்லது அவர் உத்தரவிடும் போலீஸ் | நீதிபதிகள், சி.பி.சி.ஐ.டி., சி.பி.ஐ.க்கு மாற்றலாம் |
| அதிகபட்சம் கிடைப்பது | இடமாற்றம், சஸ்பெண்ட், துறை நடவடிக்கை | இழப்பீடு, நடவடிக்கைக்குப் பரிந்துரை | குற்ற வழக்கு, சிறை | விசாரணை மாற்றம், இழப்பீடு, உடனடித் தடை |
| காலக்கெடு | இல்லை. தாமதம் சந்தேகம் தரும் | சம்பவத்திலிருந்து 1 வருடம் | சாதாரணக் காயத்துக்கு 1 வருடம். கடும் குற்றத்துக்குக் கிடையாது | இல்லை. தாமதத்துக்கு விளக்கம் வேண்டும் |
| பணம் | தபால் செலவு | கட்டணம் இல்லை | வக்கீல், பல வாய்தா | நான்கிலும் அதிகம் |
| மறைமுகச் செலவு | சமாதானக் கையெழுத்து | வருடக்கணக்கில் காத்திருப்பு | சாட்சி கலைவது, அனுமதி வாதம் | "மனுவைப் பரிசீலிக்கவும்" என்று முடிவது |

## எஸ்.பி. அல்லது கமிஷனர்

வேகம் வேண்டும் என்றால் இதுதான். தினமும் காலையில் வந்து ஸ்டேஷன் வாசலில் உட்காரச் சொல்கிறார்கள், மாதாமாதம் மிரட்டுகிறார்கள் என்றால், எஸ்.பி. அலுவலகத்தில் புதன்கிழமை மனு நாளில் நேரில் போய்க் கொடுத்தால் அநேகமாக நின்றுவிடும். ஒரு போன் போதும். அந்த ஒரு போனை வேறு எந்த ஆணையமும் இவ்வளவு சீக்கிரம் போடாது.

இன்னொரு உபயோகமும் உண்டு. போலீஸ் எப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் மாஜிஸ்ட்ரேட்டிடம் போக வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173(4) சொல்கிறது. வேலை நடக்காது என்று தெரிந்தாலும் இந்தப் படியில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும்.

குறை ஊரறிந்தது. மனு மேலே போகும், பிறகு சப்-டிவிஷன் டி.எஸ்.பி.க்கு இறங்கும். அவர் அந்த இன்ஸ்பெக்டரோடு தினம் பேசுகிறவர். முதல்வர் தனிப்பிரிவுக்குப் போட்ட மனுவும் இதே பாதையில்தான் இறங்கி, சில சமயம் அடித்த ஸ்டேஷனுக்கே விசாரணைக்கு வந்து சேரும். மிஞ்சிப்போனால் ஆயுதப்படைக்கு மாற்றுவார்கள். செய்தித்தாளில் அது "அதிரடி நடவடிக்கை". ஆறு மாதத்தில் ஆள் பக்கத்து ஊர் ஸ்டேஷனில் இருப்பார்.

பெரிய ஆபத்து விசாரணை அறையில்தான். ரைட்டர் முன்கூட்டியே டைப் செய்த வாக்குமூலத்தை நீட்டுவார். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "மேற்படி மனு மீது எனக்கு மேல் நடவடிக்கை ஏதும் தேவையில்லை." உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து "விடுப்பா, நாளைக்கு அவங்க முகத்துலதான் முழிக்கணும்" என்பார். கையெழுத்துப் போட்டால் மற்ற மூன்று வழியிலும் அந்தத் தாள் உங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். படித்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாத வரியை அடித்துவிட்டு, உங்கள் கையெழுத்திலேயே உங்கள் வரியை எழுதி, அதன் கீழே ஒப்பமிடுங்கள். விடவில்லை என்றால் எழுந்து வந்து, நடந்ததை அன்று மாலையே எஸ்.பி.க்குத் தந்தியடிக்கிற வேகத்தில் தபாலில் எழுதுங்கள்.

இதோடு சேர்ந்தது காவல்துறைப் புகார் ஆணையம். 2006ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் இது வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 2013ஆம் வருடச் சட்டம், மாவட்டத்தில் கலெக்டரைத் தலைவராகவும் எஸ்.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. அதனால்தான் இதை ஐந்தாவது வழியாக எண்ணவில்லை.

## மாநில மனித உரிமை ஆணையம்

ஏழைக்கு ஏற்ற வழி இது. கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, தமிழில் வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். ஆணையம் சென்னையில் இருந்தாலும் மாவட்டங்களில் முகாம் அமர்வு நடத்துகிறது. சாட்சியை விசாரிக்கும், குறுக்கு விசாரணை நடக்கும், மீறல் உறுதியானால் இழப்பீடு தரச் சொல்லும். அரசு முதலில் கொடுத்துவிட்டு அந்தத் தொகையைச் சம்பந்தப்பட்ட போலீசாரின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லும் உத்தரவுகள் நிறைய உண்டு. ஒரு காவலருக்குச் சம்பளத்தில் கை வைப்பதுபோல உறைக்கிற விஷயம் குறைவு.

முன்பெல்லாம் "பரிந்துரைதானே" என்று அரசு கிடப்பில் போடும். 2021ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. அதனால் எடை கூடியிருக்கிறது. உத்தரவு வந்த பிறகு அதை எதிர்த்துப் போலீசார் உயர் நீதிமன்றம் போவதும் கூடியிருக்கிறது.

மறைமுகச் செலவுகள் மூன்று. ஒன்று, நேரம். புகார் போன பிறகு துறையிடம் அறிக்கை கேட்பார்கள். அந்த அறிக்கையை எழுதுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு நீங்கள் மறுப்பு எழுத வேண்டும். இரண்டு, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயத்தை ஆணையம் பொதுவாகக் கையில் எடுக்காது. மூன்று, மாநில ஆணையம் எடுத்துக்கொண்டதை தேசிய ஆணையம் விசாரிக்காது. ஐந்து இடத்துக்கு ஒரே நாளில் அனுப்பியவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: அவர் அங்கே கேட்கட்டும், இவர் இங்கே கேட்கட்டும் என்று மனு பந்தாடப்படும். அதற்குள் ஒரு வருடக் கெடு ஓடிவிடும்.

காயம் ஆறிவிட்டது, ஏ.ஆர். நகல் கையில் இருக்கிறது, வழக்கு நடத்த வசதி இல்லை, ஆனால் விடவும் மனமில்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம்

அடித்தவர் கூண்டில் ஏற வேண்டும் என்றால் இதைத் தவிர வேறு பாதை இல்லை. வாக்குமூலம் வாங்க அடிப்பது தனிக் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 120 அதற்கு 7 வருடம் வரை சிறை, கொடுங்காயம் என்றால் 10 வருடம் வரை சிறை என்கிறது. எப்.ஐ.ஆர். போட உத்தரவு கேட்டு மனுப் போடலாம், அல்லது தனிப் புகாராகவே கொடுத்து நாமே சாட்சிகளை நிறுத்தலாம்.

பழைய சட்டத்தைவிட இப்போது ஒரு முள் கூடியிருக்கிறது. அரசு ஊழியர் பணியின்போது செய்ததாகப் புகார் என்றால், அவருடைய மேலதிகாரியின் அறிக்கையையும் அவர் தரப்பையும் பார்த்த பிறகே மாஜிஸ்ட்ரேட் அடுத்த அடி வைக்க வேண்டும். இது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 175(4). அப்புறம் அரசின் முன் அனுமதி வேண்டுமா என்ற வாதம், அதே சட்டத்தின் பிரிவு 218. அடிப்பது எந்த ஊரில் பணி என்று நமக்குத் தோன்றும். ஆனால் "விசாரணையின்போது கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது, அதுவும் பணியைச் சேர்ந்ததே" என்ற வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்ற சந்தர்ப்பங்களும் உண்டு. அந்த ஒரு கேள்வி மேலே போய்த் திரும்பி வருவதற்குள் சாட்சி சொல்ல வேண்டிய டீக்கடைக்காரர் கடையை மாற்றியிருப்பார்.

காலம் எவ்வளவு ஆகும் என்பதற்கு வாச்சாத்தி என்ற பழங்குடி கிராமம். அரசு ஊழியர்கள் உள்ளே புகுந்து ஊர்மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது 1992 ஜூனில். தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேருக்குத் தண்டனை. வனத்துறையினர், போலீசார், வருவாய்த்துறையினர் மூவரும் அதில் உண்டு. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023ல். ஊரே சேர்ந்து நின்று, கட்சியும் சங்கமும் விடாமல் பிடித்த வழக்கு அது. தனி ஆளாகப் போகிறவர் தன்னோடு கடைசி வரை வரப்போவது யார் என்று முதலிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எலும்பு முறிவு போன்ற பெரிய காயம், கலையாத சாட்சி இரண்டு பேர், உறுதியான வக்கீல், இவை மூன்றும் இருந்தால் இந்த வழி. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அந்த நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்; போன் எண் 15100. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் மனுவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சேர்வதே இல்லை.

## உயர் நீதிமன்றம்

ஆள் இன்னும் உள்ளே இருந்தால், எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால், வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. 1993ல் போலீஸ் பிடித்துப்போன ராஜாக்கண்ணு கம்மாபுரம் காவல் நிலையத்தில் என்ன ஆனார் என்ற கேள்விக்கு விடை தேடும் வழியை அவர் மனைவி பார்வதி போட்ட அந்த மனுதான் திறந்தது. வாதாடியவர் பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு.

இழப்பீட்டுக்கும் இங்கே வரலாம். காவல் மரணத்துக்கு அரசே பணம் தர வேண்டும் என்று 1993ல் நீலாபதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரூ.1,50,000 கொடுக்கச் சொன்னது. போலீஸ் விசாரணையில் அடிபட்டு இறந்த திருப்புவனம் அஜித்குமார் வழக்கில் 2025ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மாவட்ட நீதிபதியை விசாரிக்கச் சொல்லியது, இடைக்கால இழப்பீட்டுக்கும் உத்தரவிட்டது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சில வாரங்களுக்குள் இவ்வளவும் நடந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் "நாமும் ஹைகோர்ட்டுக்கே போய்விடுவோமே" என்கிறார்கள். அங்கே ஒரு உயிர் போயிருந்தது, அடிப்பதை மறைந்திருந்து எடுத்த வீடியோ இருந்தது, மாநிலமே பேசிக்கொண்டிருந்தது. நம் பையனின் வீங்கிய முட்டிக்கு அந்த வேகம் வராது. அரசு வக்கீல் எழுந்து "வழுக்கி விழுந்தார்" என்பார், நாம் "அடித்தார்கள்" என்போம். எது உண்மை என்று சாட்சி வைத்துப் பார்க்க வேண்டிய விஷயத்தை ரிட் மனுவில் தீர்க்க முடியாது என்று கீழே அனுப்பிவிடுவார்கள். அல்லது "மனுதாரரின் மனுவை 12 வாரத்துக்குள் பரிசீலிக்கவும்" என்று எஸ்.பி.க்கு உத்தரவு வரும். செலவழித்து மறுபடி எஸ்.பி. அலுவலக வாசலுக்கே வந்திருப்போம். மருத்துவச் சான்று பலமாக இருந்து, கீழே கொடுத்த மனு கிடப்பில் கிடக்கிறது என்று காட்ட முடிந்தால் மட்டும் இந்தச் செலவைச் செய்யலாம்.

உயிரே போய்விட்டால் கணக்கு வேறு. அங்கே எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. மாஜிஸ்ட்ரேட் விசாரணை பி.என்.எஸ்.எஸ். பிரிவு 196ன்படி தானாகவே நடக்க வேண்டும், 24 மணி நேரத்தில் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். குடும்பம் பார்க்க வேண்டியது பிரேதப் பரிசோதனையை. வீடியோ எடுத்தார்களா, உடலைக் குடும்பத்தில் ஒருவராவது முழுசாகப் பார்த்தாரா என்பதை உறுதி செய்யாமல் அவசரமாக எரித்துவிடக் கூடாது.

## எந்த வரிசையில் போவது

நான் சொல்லும் வரிசை: ஏ.ஆர்., கேமராவுக்குக் கடிதம், எஸ்.பி.க்குத் தபால், பதினைந்து நாள் பார்த்துவிட்டு ஆணையம் அல்லது மாஜிஸ்ட்ரேட், இரண்டில் ஒன்று. பணம்தான் முக்கியம் என்றால் ஆணையம், தண்டனை என்றால் மாஜிஸ்ட்ரேட். ஆணையத்துக்குப் போனாலும் பதினோராவது மாதத்தில் ஒரு தடவை நாள்காட்டியைப் பாருங்கள். சாதாரணக் காயத்துக்கான கிரிமினல் புகாருக்கும் ஒரு வருடம்தான் கெடு.

அந்த வெல்டிங் பையன் ஆணையத்துக்குத்தான் போனான். துறையின் அறிக்கை வந்தது. முதல் பத்தியிலேயே, மனுதாரர் இருசக்கர வாகனத்திலிருந்து தவறி விழுந்து காயமடைந்ததை அவரே மருத்துவரிடம் ஒப்புக்கொண்டுள்ளார் என்று எழுதியிருந்தார்கள். அவனிடம் பைக்கும் கிடையாது, லைசென்சும் கிடையாது. வேலைக்குப் போவது டவுன் பஸ்ஸில். எந்த பைக், பதிவு எண் என்ன, எந்த ரோட்டில் விழுந்தான், விபத்துக்கு ஏன் எப்.ஐ.ஆர். போடவில்லை என்று நான்கு கேள்வியோடு மறுப்பு டைப் செய்து அனுப்பியிருக்கிறேன். அடுத்த முகாம் அமர்வில் எடுக்கிறார்கள்.